தனிப்பயன் கார்களின் முகப்பு விளக்கு மாற்றம்

பிரெஞ்சிங் என்பது காரின் முகப்பு விளக்கு வளையத்தை மட்கார்டுடன் பற்றவைத்து, இடைவெளியை ஈயக் கலவையால் நிரப்பி, இணைப்புத் தெரியாதபடி தேய்த்து வண்ணம் பூசும் முறையாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1940 மாதிரிக் கார்கள் முதல் 7 அங்குல வட்டமான சீல்டு பீம் விளக்கு பொது அளவானது. விளக்கின் வடிவத்தை மாற்ற வழியில்லாததால், கலிபோர்னியப் பட்டறைகள் அதைச் சுற்றியிருந்த தகட்டை மாற்றின. ஜார்ஜ், சாம் பேரிஸ் சகோதரர்களின் பட்டறையில் உருவான 'ஹிரோஹாட்டா மெர்க்' (1951 மெர்க்குரி) இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும்.

1950களின் இறுதியில் நான்கு விளக்கு அமைப்பு அனுமதிக்கப்பட்டது. பழைய கார்களிலும் 5¾ அங்குல இரட்டை விளக்குகள் சாய்வாகப் பொருத்தப்பட்டன. 1983 வரை நீடித்த சீல்டு பீம் கட்டாயமே இக்கலையை வளர்த்தது எனலாம்.