அமெரிக்கக் குடியேற்றக் கால நாணயங்கள்: தரமும் மெய்ம்மையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் 1792இல் பிலடெல்பியாவில் நாணயச்சாலை அமைப்பதற்கு முன் அங்கு வெளியான உள்ளூர்க் காசுகளைச் சேகரிப்பாளர்கள் பொதுவாகக் குடியேற்றக் கால நாணயங்கள் என்கின்றனர். இப்பெயர் முழுதும் பொருந்தாது. விடுதலை அறிவிப்புக்குப் பின் கனெக்டிகட், நியூ ஜெர்சி, வெர்மான்ட் ஆகிய இடங்களில் வெளிவந்த செப்புக் காசுகளும் இதில் அடங்கும். வெர்மான்ட் அப்போது தனிக் குடியரசாகவே இருந்தது. இக்காசுகளில் ஒன்று மங்கித் தெரிந்தால், அது கைமாறிக் கைமாறித் தேய்ந்ததா, அடித்த நாளிலேயே அப்படித்தான் இருந்ததா என்பது பார்த்தவுடன் தெரியாது. தரம் குறிப்பதில் உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன.

வெர்மான்ட்டின் பெயர் பொறித்த ஒரு செப்புக் காசு இதற்கு நல்ல சான்று. அதன் முன்புறத்தில் தலையுருவமும் எழுத்துகளும் தெளிவாக இருக்கும். பின்புறத்தில் அமர்ந்திருக்கும் பிரிட்டானியா உருவம் ஏறக்குறைய எல்லாக் காசுகளிலும் மங்கலாகவே காணப்படும். நியூயார்க்கின் நியூபர்க் அருகே இருந்த மேச்சின் ஆலையுடன் இதைத் தொடர்புபடுத்துவர். பிரிட்டனின் அரைப்பென்னிக் காசுகளைப் போலிசெய்த இடம் அது. பின்புறத்துக்குப் பயன்பட்ட அச்சிலேயே உருவம் தெளிவாக இல்லை. இதை அறியாதவர் அக்காசை மிகத் தேய்ந்தது என்று ஒதுக்கிவிடுவார். ஆகவே முன்புறத்தைக் கொண்டே அதற்குத் தரம் குறிக்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளின் சிக்கல் வேறு வகையானது. 1652இல் பாஸ்டனில் ஜான் ஹல், ராபர்ட் சாண்டர்சன் இருவரும் தொடங்கிய நாணயச்சாலை, முதலில் ஒருபுறம் நியூ இங்கிலாந்தின் முதலெழுத்துகளையும் மறுபுறம் மதிப்பையும் மட்டும் குத்திய காசுகளை வெளியிட்டது. விளிம்பை வெட்டி வெள்ளியைத் திருடுவதும் போலி செய்வதும் அதில் எளிது. எனவே அதே ஆண்டில், மர உருவமும் விளிம்பை ஒட்டிய எழுத்து வளையமும் கொண்ட வடிவத்துக்கு ஆணையிடப்பட்டது. இவ்வாறு வில்லோ, ஓக், பைன் மரக் காசுகள் வந்தன. பைன் மரக் காசுகள் 1682 வரை அடிக்கப்பட்டிருந்தும் அவற்றில் இருப்பது 1652 என்ற ஆண்டே. காசிலுள்ள ஆண்டை நம்பிக் காலத்தைக் கணிக்க முடியாது.

போலிகளுக்கும் நூற்றாண்டுப் பழமை உண்டு என்பதே மெய்ம்மை அறிவதில் பெரிய இடர். 1850களில் நியூயார்க்கைச் சேர்ந்த தாமஸ் வியாட் மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளைப் போலியாக அடித்து, பூமியில் கிடைத்த பழங்காசுகள் என்று விற்றார். 1860களில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் போலன் பல அரிய காசுகளுக்கு நகல் அடித்தார். 1737இல் கனெக்டிகட்டில் வெளியான ஹிக்லி செப்புக் காசும் அவற்றில் ஒன்று. அந்த நகல்களையே இன்று தேடிச் சேகரிப்போர் உள்ளனர். மேச்சின் ஆலையின் போலி அரைப்பென்னிகளுக்கும் அதே மதிப்பு. போலி என்பதற்காக ஒரு காசு வரலாற்றிலிருந்து நீங்கிவிடுவதில்லை. ஆனால் எந்தக் காலத்துப் போலி என்பது தெரிந்தாக வேண்டும்.

சோதனை எடையில் தொடங்குகிறது. பைன் மர ஷில்லிங்கின் முறையான எடை 72 கிரெய்ன், அதாவது சுமார் 4.67 கிராம். குறைந்தால் விளிம்பு வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது காசே போலியாக இருக்கலாம். வார்ப்புப் போலியில் நுண்துளைகளும் மழுங்கிய எழுத்துகளும் தென்படும். மின்முலாம் முறையில் செய்த நகல் இரண்டு ஓடுகளை ஒட்டியது; விளிம்பில் இணைப்புக் கோடு தெரியும். அச்சிட்டு அடித்த போலிக்கு இவை போதா. அச்சுகள் கையால் வெட்டப்பட்டவை என்பதால் ஒவ்வோர் அச்சிலும் எழுத்துகளின் இடைவெளி மாறும். கனெக்டிகட் காசுகளில் மட்டும் 300க்கும் மேற்பட்ட அச்சு வகைகள் உள்ளன. கையிலுள்ள காசு அறியப்பட்ட எந்த அச்சுடனும் பொருந்தாவிட்டால் ஐயம் வலுக்கும். 1875இல் சில்வெஸ்டர் கிராஸ்பி எழுதிய நூல் இத்தகைய ஒப்பீட்டுக்கு அடித்தளமிட்டது.

இன்று தரம் குறிக்கப் பயன்படும் 70 புள்ளி அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் வகுத்தார். அவர் அதை வகுத்தது பிலடெல்பியா நாணயச்சாலையின் பெரிய செப்பு சென்ட்களுக்காக. தகட்டிலேயே விரிசலும் கீறலும் கொண்டு பிறந்த குடியேற்றக் காலக் காசுக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை. அதனால் விளிம்பு வெட்டுண்ட, அரிப்புற்ற, சுரண்டிச் சுத்தம் செய்யப்பட்ட காசுகளுக்குத் தர நிறுவனங்கள் பெரும்பாலும் எண் தராமல், மெய்யானது என்று உறுதிசெய்து குறையைக் குறித்துவிடுகின்றன.