எந்த ழகரம் என்று யார் முடிவு செய்வது? ராயப்பேட்டை மாணவரின் கையெழுத்தும் தட்டச்சும் குறித்து

ரோமன் எழுத்தில் 'பள்ளி' என்று எழுதினாலும் 'பல்லி' என்று எழுதினாலும் திரையில் விழும் ஐந்து எழுத்தும் ஒன்றேதான். 'அறை'யும் 'அரை'யும் அப்படியே, 'மனம்', 'மணம்' இரண்டும் அப்படியே. செல்பேசியில் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை வைத்திருக்கும் மாணவர் இவற்றுள் தமக்கு வேண்டியதை எழுத்தெழுத்தாக எழுதுவதில்லை. வரிசையாகத் தோன்றும் பரிந்துரைச் சொற்களில் ஒன்றைத் தொடுகிறார். படிப்புக்குக் கையெழுத்து நல்லதா, தட்டச்சு நல்லதா என்ற விவாதத்தைத் தமிழில் இந்தத் தொடுகையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. எழுதும்போது எந்த எழுத்து என்று முடிவு செய்யும் வேலை யாரிடம் இருக்கிறது? கருவி பேனாவா விசையா என்பது இதற்கு அடுத்த கேள்வி.

இவ்விவாதத்தில் முதலில் காட்டப்படுவது 2014இல் பாம் முல்லரும் டேனியல் ஒப்பன்ஹைமரும் வெளியிட்ட ஆய்வு. மடிக்கணினியில் குறிப்பெடுத்த அமெரிக்க மாணவர்கள் விரிவுரையைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தார்கள்; கையால் எழுதியவர்களோ வேகம் போதாமல் சுருக்க வேண்டியிருந்தது, சுருக்குவதற்காகச் சிந்திக்க வேண்டியிருந்தது. கருத்து சார்ந்த வினாக்களில் கையால் எழுதியவர்களே முந்தினர் என்றது அவ்வாய்வு. 2021இல் ஹெதர் அர்ரியும் அவருடைய குழுவினரும் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது, சொல்லுக்குச் சொல் எழுதும் போக்கு மறுபடியும் தெரிந்தது. தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் அந்த வேறுபாடு வரவில்லை. ஆகவே பேனாவே வென்றது என்று மேடையில் முழங்க இந்த ஆய்வுகள் இடம் தரவில்லை.

இவற்றைச் சென்னை ராயப்பேட்டைக்குக் கொண்டுவருவதில் வேறொரு தடையும் உண்டு. ஆங்கிலத்தைக் கையால் எழுதுவதைவிட விரைவாகத் தட்டச்சு செய்யலாம் என்பதுதான் அந்த ஆய்வுகளின் அடிப்படை. தமிழை அந்த வேகத்தில் தட்டத் தெரிந்த கல்லூரி மாணவர்கள் சிலரே; அவர்களும் பெரும்பாலும் அரசுத் தேர்வுக்காகத் தட்டச்சு நிலையத்தில் பயின்றவர்கள். மற்றவர்களைப் பொறுத்தவரை பேனாவுக்கு உண்மையான போட்டி விசைப்பலகை அன்று, கேமரா. கரும்பலகை படமாகிறது. ஒருவர் எழுதிய நோட்ஸ் ஜெராக்ஸ் ஆகி வகுப்பு முழுவதும் போகிறது. ஒரு கை எழுதியதை நாற்பது கண்கள் பார்க்கின்றன. மற்ற கைகள் எதையும் முடிவு செய்யவில்லை.

எந்த எழுத்து என்ற இந்த முடிவுக்குச் சென்னையில் கூடுதல் கனம் உண்டு, ஏனென்றால் இங்கே காது துணைக்கு வருவதில்லை. ரகர றகர வேறுபாடு பேச்சில் ஏறத்தாழ மறைந்துவிட்டது. நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒலிவேறுபாடு எந்த ஊரிலும் கேட்பது அரிது. வாழைப்பழம் இந்நகரின் பல தெருக்களில் 'வாயப்பயம்' ஆகிறது. இதை இழிவாகச் சொல்லவில்லை. பேச்சுக்கு அதன் வரலாறும் உரிமையும் உண்டு. ஆனால் பேச்சில் இல்லாத வேறுபாட்டை மாணவர் கண்ணாலும் கையாலும்தான் கற்றாக வேண்டும். பீட்டர்ஸ் சாலையில் 1951 முதல் நடக்கும் புதுக்கல்லூரியின் சுற்றுவட்டாரத்தில் வீட்டில் உருது பேசி, வகுப்பில் தமிழ் எழுதும் பிள்ளைகள் ஏராளம். அவர்களுக்கு எழுத்து வடிவம் இன்னும் பெரிய ஊன்றுகோல். ஒலியிலிருந்து தொடங்கும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை, கற்க வேண்டிய அந்த ஒன்றையே அவர்கள் பார்வையிலிருந்து எடுத்துவிடுகிறது.

முடிவு செய்யும் வேலை கருவிக்குக் கருவி கைமாறுவது புதிதன்று. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் புள்ளி இடாமலே எழுதினார்கள். எது மெய், எது உயிர்மெய், எகரம் குறிலா நெடிலா என்பதெல்லாம் வாசிப்பவர் பொறுப்பு. அடுத்த பேட்டையான திருவல்லிக்கேணியில் வாழ்ந்த உ. வே. சாமிநாதையரைப் போன்ற பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் ஒரு பங்கு இதிலிருந்து வந்தது. தாளும் அச்சும் அந்தப் பொறுப்பை எழுதுபவரிடம் மாற்றின. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சுப் பொறியும் அதை எழுதுபவரிடமே விட்டது. தாங்கி நகராத விசைகளைக் கொண்டு எழுத்தின் மேல் குறியைப் பொருத்த அவர் கண்ட வழி, கை செய்த வேலையை விரலுக்குப் பெயர்த்ததே. எந்தப் பொறியும் 'ள'வா 'ழ'வா என்று தட்டுபவருக்குச் சொல்லித் தரவில்லை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். அதில் உயிர்கள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். 'கொ' வேண்டுமானால் ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்ட வேண்டும். கையெழுத்தில் இதற்கு நேர்மாறு: முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு உயிர்களும் ஏறிய எழுத்துகள் எல்லாமே இப்படி இடப்பக்கக் குறியோடு தொடங்குகின்றன. பதினெட்டு மெய்யோடு பெருக்கினால் 108. அதாவது 216 உயிர்மெய்களில் சரிபாதி. இந்தப் பாதியை எழுதும்போது, மெய்யைத் தொடும் முன்பே பின்னால் வரும் உயிரைக் கை அறிந்திருக்க வேண்டும். பழைய தட்டச்சுப் பொறி இந்தக் கைவரிசையைக் காத்தது. தமிழ்99 காதின் வரிசைக்கு, மெய்யின் பின் உயிர் தோன்றும் என்ற தொல்காப்பிய முறைக்குத் திரும்பியது.

இதனால் இழப்பு உண்டா? எழுத்து கற்கும் சிறு குழந்தைக்கு உண்டு என்றே நினைக்கிறேன். மேரியேக் லோன்காம் குழுவினர் 2005இல் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், அவர்களுள் மூத்த பிள்ளைகள் தட்டிப் பழகிய எழுத்துகளைவிடக் கையால் எழுதிப் பழகியவற்றை நன்றாக அடையாளம் கண்டார்கள். ரோமன் எழுத்தில் கண்ட இது, கொம்பும் காலும் சுழியும் நிறைந்த தமிழில் குறைந்துவிடும் என்று எதிர்பார்க்கக் காரணமில்லை. கல்லூரி மாணவர் கதை வேறு. தமிழ்99இல் ல, ள, ழ மூன்றும் மூன்று விசைகள். ந, ன, ண மூன்றும் மூன்று விசைகள். சில இடங்களில் புள்ளியை மென்பொருளே இட்டுக்கொண்டாலும் எழுத்தைத் தேர்வது விரல்தான். முடிவு செய்யும் வேலையைப் பொறுத்தவரை தமிழ்99 பேனாவின் பக்கம் நிற்கிறது. ஒலிபெயர்ப்பும் பரிந்துரைப் பட்டியலும் கேமராவின் பக்கம். 'தட்டச்சு' என்ற ஒரே பெயரில் இவ்விரண்டையும் அடைப்பதுதான் விவாதத்தைக் குழப்புகிறது.

பேனா பிடித்தாலே சிந்தனை வந்துவிடும் என்பதும் இல்லை. பாடநூலைப் பார்த்துப் பத்து முறை எழுதும் தண்டனையில் கை ஓடுகிறது, மனம் நிற்கிறது. சொல்வதைக் கேட்டு எழுதும்போதும் அதே பேனாதான். ஆனால் ஒவ்வொரு சொல்லிலும் மாணவர் தீர்மானித்தாக வேண்டும். வகுப்பில் சொல்வதெழுதுதல் சுருங்கிப் பார்த்தெழுதுதல் பெருகியது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் மாற்றம். கையே சிந்தனை என்போருக்கு ராயப்பேட்டையே மறுமொழி தருகிறது. வெஸ்லி பள்ளியில் கதிரைவேற்பிள்ளையிடம் தமிழ் கற்று, இங்கேயே வாழ்ந்து, சாது அச்சுக்கூடத்திலிருந்து நூல்களை வெளியிட்ட திரு.வி.க., இறுதி ஆண்டுகளில் பார்வை இழந்தபின் சொல்லச் சொல்லப் பிறர் எழுதினார்கள். பேனா அவர் கையில் இல்லை. சொல்லைத் தேர்ந்தவர் அவரே. பார்வை, கை, கற்றல் ஆகியவற்றில் இடர்ப்பாடுள்ள மாணவருக்கு விசைப்பலகையையோ உதவி எழுத்தரையோ மறுப்பதற்குக் கையெழுத்தின் பெருமையை யாரும் கருவியாக்கக் கூடாது.

நடைமுறைக் கேள்வி ஒன்று எஞ்சுகிறது. பிளஸ் டூ தமிழ்த் தாள், கல்லூரிப் பருவத் தேர்வு, தேர்வாணையத்தின் குரூப் 1 முதன்மைத் தேர்வு எல்லாம் இன்றும் கையால் எழுதுபவை. ஆண்டு முழுவதும் பரிந்துரைச் சொல்லைத் தொட்டுப் பழகியவர், மூன்று மணி நேரம் பரிந்துரை இல்லாத வெள்ளைத் தாளின் முன் உட்கார்கிறார். 'வல்லினம் மிகும்' இடங்களில் இது கடுமையாகத் தாக்கும், ஏனென்றால் ஒற்று இரண்டு சொற்களுக்கு இடையில் பிறப்பது. சொல்லைத் தனித்தனியாக நீட்டும் பட்டியல் 'படித்து' என்று தரும், 'பார்த்தான்' என்று தரும். இடையில் வர வேண்டிய பகர ஒற்றை மாணவர்தான் இட வேண்டும்.

இக்கருத்தைச் சோதிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரே வகுப்பை நான்காகப் பிரித்து, ஒரே உரைப்பகுதியை முதல் குழு கேட்டுக் கையால் எழுதட்டும். இரண்டாம் குழு பார்த்துக் கையால் எழுதட்டும். மூன்றாம் குழு கேட்டுத் தமிழ்99இல் தட்டட்டும். நான்காம் குழு கேட்டு ஒலிபெயர்ப்பில் தட்டட்டும். ஒரு வாரம் கழித்து அனைவருக்கும் அப்பகுதியின் சொற்களைக் கொண்டு கையெழுத்தில் சொல்வதெழுதுதல் வைத்து, ரகர றகரம், லகர ளகர ழகரம், நகர னகர ணகரம், ஒற்று ஆகியவற்றின் பிழைகளைத் தனித்தனியே எண்ண வேண்டும். வீட்டில் உருது பேசுவோரின் கணக்கைத் தனியாகவும் வைக்கலாம். மூன்றாம் குழு முதல் குழுவை ஒட்டியும், இரண்டாம் குழு நான்காவதை ஒட்டியும் நின்றால் நான் சொன்னதற்கு ஆதரவு கிடைக்கும். இரண்டு பேனாக் குழுக்களும் சேர்ந்தே முன்னால் நின்றால், கையசைவுக்கு நான் கொடுத்த இடம் குறைவு என்று ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும்.