கள்ளுக்கடை வாசலில் நின்றவர்கள்

சில மாதங்களுக்கு முன் ஆயர் ஈத்தாமில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவருக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. குடி. ஈரல் போய்விட்டது. அடுக்குமாடியின் கீழே கூடாரம் போட்டு நாற்காலி அடுக்கியிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "என்னா தம்பி செய்யிறது. யாரும் புடிச்சி வாயில ஊத்தல. அவனா தேடிக்கிட்டது." யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. நம் சமூகத்தின் குடியைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறது. அவனவன் விருப்பம், அவனவன் கேடு. இது உண்மையா என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டும். எந்த விருப்பத்துக்கு இந்த நாட்டில் மதிப்பு இருந்தது?

அந்தக் கூடாரத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தால் மலைச்சரிவில் கெக் லோக் சி கோயில் தெரியும். 1890களில் கட்டத் தொடங்கிய கோயில். பெரிய கொடையாளர்களில் ஒருவர் சியோங் ஃபாட் சீ. ஜார்ஜ் டவுனில் இருக்கும் நீல மாளிகை அவருடையதுதான். அவர் சேர்த்த செல்வத்தில் ஒரு பங்கு, டச்சுக்காரர்கள் ஆண்ட சுமத்ராவில் எடுத்த அபின் குத்தகையிலிருந்து வந்தது. இதைச் சொல்வது கோயிலைக் குறை சொல்வதற்காக இல்லை. அந்தக் காலத்தில் போதை என்பது ஒளித்து வைக்கப்பட்ட தொழிலாக இருக்கவில்லை. அரசாங்கமே ஏலம் விட்ட தொழில் அது. பினாங்கில் ஆங்கிலேயர் குடியேறிய சில வருடங்களிலேயே அபின், சாராயம், சூதாட்டம் மூன்றும் குத்தகைக்குப் போய்விட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசாங்க வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினிலிருந்து வந்தது. 1910இல் குத்தகைக்காரர்களை விலக்கிவிட்டு அரசாங்கமே சண்டு வியாபாரியானது. ரிக்‌ஷா இழுத்த சீனக் கூலி ராத்திரி புகைத்த ஒவ்வொரு இழுப்பிலும் ரோட்டுக்கும் துறைமுகத்துக்கும் காசு சேர்ந்தது. புகைத்தது மட்டும் அவன் விருப்பம்.

சீனக் கூலிக்குச் சண்டு என்றால் தமிழ்க் கூலிக்குக் கள்ளு.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள் பினாங்கில் இறங்கி, கங்காணி பின்னால் தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே லயம், பால்வெட்டு, ஸ்டோர், பிரட்டுக்களம். பல தோட்டங்களில் இவற்றோடு ஒரு கள்ளுக்கடையும் இருந்தது. அரசாங்க உரிமத்தோடு, நிர்வாகத்தின் மேற்பார்வையில் நடந்த கடை. துரைமார்களிடம் இதற்கு நியாயம் இருந்தது. இங்கே கள்ளு இல்லையென்றால் ஆட்கள் பட்டணத்துக்குப் போய்க் கள்ளச் சம்சு குடித்துச் சாவார்கள் என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது. ஆனால் பட்டணத்துக்குப் போகிறவன் மறுநாள் வேலைக்குத் திரும்பாமலும் போகலாம். கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தால் ஆளும் உள்ளேயே இருப்பான். தோட்டக் கடையின் லாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவாகும் என்றும் ஏற்பாடு இருந்தது. நன்றாகக் குடித்தால் நன்றாக நலம் நடக்கும்!

காலையில் இருட்டோடு எழுந்து, வெட்டி, பால் சுமந்து, கை கால் கழுவி உட்காரும் ஒருவனுக்கு அந்தத் தோட்டத்தில் போக எத்தனை இடம் இருந்தது? அவன் கால்தான் நடந்தது, அவன் கைதான் குவளையைப் பிடித்தது. மறுக்கவில்லை. ஆனால் நடந்த பாதையைப் போட்டது வேறு ஆள்.

இதுவரை சொன்னது பலருக்கும் தெரிந்த கதை. காலனிய அரசு குடிக்க வைத்தது, தமிழன் குடித்தான். இத்தோடு நிறுத்தினால் நம் தாத்தாக்களை வெறும் பலியாட்களாக ஆக்கிவிடுவோம். அவர்கள் செய்த இன்னொரு தேர்வு நம் பேச்சில் வருவதே இல்லை.

1941. சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம். ஆர். எச். நாதன் முன்னால் நின்றவர்களில் ஒருவர். கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் படிப்பு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள். அதே பட்டியலில் ஒரு கோரிக்கை: தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு.

அந்தக் கூட்டத்தில் குடிக்கிறவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள். கடை எதிரில் இருந்தால் நான் போவேன், அதனால் கடையை எடு என்று ஒரு மனிதன் சொல்வதும் விருப்பம்தான். குவளையைத் தூக்குவதைவிட யோசித்து எடுத்த விருப்பம். அதற்குக் கிடைத்த பதில் கைது, பட்டாளம், துப்பாக்கி. ஐந்து தொழிலாளிகள் சுடப்பட்டு இறந்தார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

போர் முடிந்ததும் அதே குரல் கெடாவில் எழுந்தது. பினாங்கிலிருந்து கடலைத் தாண்டினால் சுங்கை பட்டாணி, அதற்கு மேலே பீடோங். அங்கே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி உருவாக்கிய தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடைக்கு எதிராகத் திரண்டவர்களைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. ஒரு தொழிலாளி இறந்தார். அடுத்த மாதங்களில் தோட்டங்களில் மோதல் தொடர்ந்தது. டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டது.

தொண்டர் படையை முழுக்க வெள்ளையடித்துக் காட்டவும் முடியாது. குடித்துவிட்டு வந்தவர்களை அவர்கள் தண்டித்தார்கள். அடியும் விழுந்தது. கீழிருந்து எழுந்த இயக்கமும் அதிகாரம் கைக்கு வந்தால் தனிமனிதன் மேல்தான் முதலில் பாய்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இவர்கள் குடிகாரனோடு நிற்காமல் கடை வரைக்கும் போனார்கள். அடிவாங்கியதும் செத்ததும் அங்கேதான்.

குடிப்பேன் என்றவனுக்குக் கடை கிடைத்தது. கடை வேண்டாம் என்றவனுக்குக் குண்டு கிடைத்தது. இரண்டும் தனிமனித விருப்பம்தான். அதிகாரம் இரண்டில் ஒன்றை மட்டும் விருப்பம் என்று எழுதி வைத்தது. மற்றதற்குக் கலகம் என்று பெயர்.

தமிழ்நாட்டிலும் கணக்கு வேறு மாதிரி இல்லை. 1937இல் ராஜாஜி அரசாங்கம் சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட விற்பனை வரி வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது. 2003இலிருந்து சில்லறை விற்பனையே அரசு நிறுவனமான டாஸ்மாக் கையில். 2015இல் மார்த்தாண்டம் அருகே ஒரு கடையை மூடச் சொல்லிக் கைபேசி கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. ஆண்டவன் மாறினான், கல்லாப்பெட்டி மாறவில்லை.

இங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாயின. சனம் பட்டணத்து ஓரங்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தது. கள்ளு போய் மலிவு விலைச் சம்சு வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல காலம் பேசியது. 2018இல் சிலாங்கூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் நேப்பாளம், வங்காளதேசம், மியன்மாரிலிருந்து கூலிக்கு வந்தவர்களும் இருந்தார்கள். நம் தாத்தாக்கள் இருந்த இடத்தில் இன்று அவர்கள். அவர்களைப் பற்றி நாம் என்ன பேசிக்கொண்டோம்? "குடிச்சிட்டுச் செத்தானுங்க."

இப்படியெல்லாம் எழுதுவதால் அந்த ஆயர் ஈத்தாம் மனிதரின் பொறுப்பு இல்லாமல் போகாது. அவர் மனைவி இருபது வருடம் பட்ட பாட்டுக்கு 1910ஆம் வருடச் சண்டுக் கணக்கைப் பதிலாகக் காட்ட முடியாது. வீட்டுக்குள் அவர் கை ஓங்கியபோது அது அவருடைய கை. அதை அந்தம்மாவிடம் வரலாறு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது.

ஆனால் அந்தப் பெரியவரிடம் ஒன்று சொல்லியிருக்கலாம் என்று இப்போது படுகிறது. "ஐயா, யாரும் வாயில ஊத்தல, சரிதான். ஆனா கடைய மூடுன்னு கேட்டவங்களும் நம்ம ஆளுங்கதான். அவங்கள சுட்டாங்க." அவர் வயதுக்கு, அவருடைய அப்பா பீடோங் பக்கம் இருந்தவராகக்கூட இருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. தப்பு அடிக்கத் தொடங்கிவிட்டார்கள், எல்லாரும் எழுந்துவிட்டோம்.