டோபி காட்: ஏறிய விலை யாருடையது?

டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் மூன்று ரயில் தடங்கள் சந்திக்கின்றன. அங்கே ஓடி ஓடி வண்டி மாறுகிறவர்களுக்கு அது ஒரு தொழிலின் பெயர் என்று தோன்ற வாய்ப்பில்லை. டோபி என்றால் சலவைத் தொழிலாளி, காட் என்றால் படித்துறை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைப் பக்கமிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள் இங்கிருந்த பிராஸ் பாசா ஓடையில் துவைத்து, பக்கத்து வெளியில் காயப்போட்டார்கள். ஓடை இன்று ஸ்டாம்ஃபோர்டு கால்வாய். 1939இல் கேத்தே கட்டடம் எழுந்தது. 1987 டிசம்பர் 12இல் ரயில் வந்தது. துணி காய்ந்த இடம் தீவின் விலை உயர்ந்த நிலங்களில் ஒன்றாகிவிட்டது.

நிலம் அங்கேயேதான் கிடந்தது. சாலை, வடிகால், ரயில், கூட்டம் எல்லாம் சேர்ந்து விலையை ஏற்றின. அப்படியானால் ஏறிய விலை பட்டா வைத்திருப்பவருக்கா, ஊருக்கா? அமெரிக்காவின் ஹென்றி ஜார்ஜ் 1879இல் இதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதி, ஊருக்குத்தான் என்றார். மூலதன ஆதாய வரி பற்றிய எல்லாச் சண்டைக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான்.

சிங்கப்பூரில் வீட்டை விற்றால் லாபத்துக்கு வரி இல்லை என்று பெருமையாகச் சொல்வோம். வாங்கி விற்பதையே வியாபாரமாகச் செய்யாதவரைக்கும் அது உண்மைதான். ஆனால் வரலாறு அவ்வளவு சுத்தமில்லை. 1996 மே 15இல், வீட்டு விலை எகிறிக்கொண்டிருந்தபோது, வாங்கிய மூன்று வருடத்துக்குள் விற்றால் கிடைக்கும் லாபத்தை வருமானமாகக் கணக்கிட்டு வரி போட்டார்கள். முதல் வருடத்தில் விற்றால் முழு லாபத்துக்கும், இரண்டாம் வருடத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும், மூன்றாம் வருடத்தில் ஒரு பங்குக்கும் வரி. சந்தை படுத்த பிறகு 2001 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். 2010இல் விற்பவருக்கான முத்திரை வரி வந்தது. இது லாபத்தைப் பார்ப்பதில்லை, விலையைப் பார்க்கிறது. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை ஒரு வருடத்துக்குள் விற்றால் 16 விழுக்காடு. நஷ்டத்துக்கு விற்றாலும் கட்டத்தான் வேண்டும்.

அதற்கும் முன்னால் இன்னொரு கதை இருக்கிறது. 1966இன் நில எடுப்புச் சட்டம். பொதுப் பணத்தில் ஊர் வளர, அந்த வளர்ச்சியின் லாபம் நிலக்காரர் பைக்குப் போகக்கூடாது என்பது லீ குவான் இயூவின் வாதம். பிறகு வந்த திருத்தத்தின்படி, இழப்பீட்டுக்கு 1973 நவம்பர் 30 அன்றைய விலை உச்சவரம்பானது. எண்பதுகளின் நடுவில் நிலத்தை எடுத்தாலும் அதே பழைய விலைதான். பின்னால் அந்தத் தேதியை முன்னே நகர்த்தினார்கள். 2007இல்தான் முழுச் சந்தை விலை கொடுப்பது சட்டமானது. வீவக அடுக்குமாடிகளும் ரயிலும் இந்த மலிவு நிலத்தின்மேல்தான் வளர்ந்தன. விற்பவரிடம் லாப வரி கேட்காத அரசு, ஏற்றத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டது என்று இதைப் படிக்கலாம்.

இந்தியா வேறு வழியில் போனது. 1947 பட்ஜெட்டில் லியாகத் அலி கான் மூலதன ஆதாய வரியைக் கொண்டுவந்தார். அது சீக்கிரமே போய்விட்டது. 1956இல் பொருளியலாளர் கால்டோர் பரிந்துரைக்க, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி அதைத் திரும்பக் கொண்டுவந்தார். பணவீக்கத்தைக் கழித்துவிட்டு மிச்ச லாபத்துக்கு மட்டும் வரி போடும் இண்டெக்சேஷன், 1992இல் ராஜா செல்லையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி வந்தது. 2024 ஜூலை 23இல் நிர்மலா சீதாராமனின் பட்ஜெட் அதை நீக்கி, 20 விழுக்காட்டை 12.5 ஆக்கியது. எதிர்ப்புக்குப் பிறகு ஒரு சலுகை கொடுத்தார்கள்: அந்தத் தேதிக்கு முன் வாங்கிய வீடு, மனைக்கு இரண்டு கணக்கில் எது குறைவோ அதைக் கட்டலாம். ஆனால் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்.

இது எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அப்பா 2005இல் மன்னார்குடிப் பக்கம் ஒரு மனை வாங்கினார். சித்தப்பா அடுத்த மனை. கணக்குக்கு வசதியாக, தலா 10 லட்சத்துக்கு வாங்கி, 2024 முடிவில் 40 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். 2005–06இன் குறியீடு 117, 2024–25இன் குறியீடு 363. அன்றைய 10 லட்சம் இன்றைக்கு 31 லட்சத்துக்குச் சமம். உண்மையான லாபம் 9 லட்சம், 20 விழுக்காட்டில் வரி சுமார் 1.79 லட்சம். சித்தப்பா இதைக் கட்டலாம். சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவுக்கு அந்தக் கணக்கு கிடையாது. 30 லட்சமும் லாபம், 12.5 விழுக்காட்டில் 3.75 லட்சம். இரண்டு மனைக்கும் நடுவில் இருப்பது ஒரு வேலி மட்டும்.

“தம்பி மண்ணு வேற, என் மண்ணு வேறயாடா?” என்று அப்பா கேட்டார். நான் இன்ஜினியர். எனக்கு அது அளவுகோல் சிக்கலாகத்தான் தெரிகிறது. விலை ஏற்றத்தில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று ஊர் வளர்ந்ததால் வந்தது, மற்றது ரூபாய் சுருங்கியதால் வந்தது. முதல் பங்கில் ஊர் கை நீட்டுவது நியாயம். இரண்டாவது யாருடைய லாபமும் இல்லை. 1973இன் விலையை எண்பதுகளில் கொடுத்ததும், 2005இன் ரூபாயை 2024இன் ரூபாய் என்று நம்பச் சொல்வதும் ஒரே வேலைதான்: பணத்துக்கு வயதாவதைப் பார்க்க மறுப்பது.

அதற்காகச் சிங்கப்பூர் மாதிரி வரியே வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. சீக்கிரம் வாங்கியவருக்கு ஊர் வளர்ந்ததன் பலன் வரியில்லாமல் போகிறது, இப்போது முதல் வீடு தேடும் என் வயதுக்காரர்கள் அந்த விலையைக் கொடுக்கிறோம். ஓடையில் நின்று துவைத்தவர்களும் அந்த ஊரை வளர்த்தவர்கள்தான். அவர்கள் பங்காகக் கிடைத்தது நிலையத்தின் பெயர்ப்பலகை.