சாமந்தி கடல் கடந்த வரலாறு

தமிழில் சாமந்தி என்றும் செவ்வந்தி என்றும் வழங்கும் செடி, பூத்து ஓய்ந்தபின் மேல்தண்டு காய்ந்துபோனாலும் மண்ணுக்குள் உயிர் தங்கி, தூரைச் சுற்றிப் பக்கக் கன்றுகளை, அதாவது சொந்த வேருடன் எழும் இளந்தண்டுகளை, விட்டுக்கொண்டே இருக்கும் பல்லாண்டுத் தாவரமாகும். அது பெரும்பாலும் தன் மகரந்தத்தால் விதை பிடிக்காமல் அயல்செடியின் மகரந்தத்தை வேண்டி நிற்பதால், விதையில் முளைத்தது தாயைப் போலப் பூப்பதில்லை. ஒரு நிறத்தைக் காக்க விரும்பியவர் கன்றைப் பிரித்து நட வேண்டும்; அல்லது இரண்டு மூன்று அங்குல நுனித்தண்டை வெட்டி, அடியிலைகளைக் களைந்து, ஈரமணலில் ஊன்றி வேர்விடச் செய்ய வேண்டும்.

சீனத்தில் லியூ மெங் 1104இல் எழுதிய சாமந்தி நூல் முப்பத்தைந்து வகைகளை விவரிப்பதால், வகைகளைப் பிரித்துக் காக்கும் கலை அதற்குள் நன்கு வேரூன்றியிருந்தது எனலாம். ஐரோப்பாவுக்கோ உயிருள்ள செடியே கப்பலேற வேண்டியிருந்தது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலந்தில் வளர்ந்த சில வகைகள் அழிந்தன. 1789இல் மார்செய் வணிகர் பியர் பிளாங்கார் கொண்டுவந்த மூன்றில் ஊதா நிறச் செடி ஒன்றே பிழைத்தது. அந்த ஒன்றையும் கன்று கன்றாகப் பெருக்கித் தோட்டந்தோறும் சேர்த்த கைகளுக்குப் பெயரில்லை. நூல்கள் கொண்டுவந்தவரை மட்டுமே போற்றுவது நியாயமாகத் தோன்றவில்லை.

புதுவகைக்கு விதை தேவை. ஆனால் பகல் சுருங்கி இரவு நீண்டாலன்றி இச்செடி மொட்டு வைக்காது. ஆதலால் வட ஐரோப்பாவில் அது பூத்து விதை முற்றுமுன் கடுங்குளிர் வந்துவிடும். இலையுதிர்காலம் சற்று வெதுவெதுப்பாக நீளும் தென்பிரான்சின் துலூசில்தான், 1820களின் பிற்பகுதியில், பெர்னே என்னும் படையதிகாரி விதையிலிருந்து நாற்றுகள் எழுப்பினார். 1846இல் ராபர்ட் பார்ச்சூன் சீனத்தின் சூஷான் தீவிலிருந்து அனுப்பிய சிறுபூவகை இங்கிலாந்தில் பெரிதாக மதிக்கப்படவில்லை. பிரெஞ்சுக்காரர்களோ அதிலிருந்து குஞ்சம் போன்ற பூக்களையுடைய இனங்களை உருவாக்கினர்.

மொட்டுக்கும் இரவு நீளத்துக்கும் உள்ள இத்தொடர்பு, 1920இல் அமெரிக்க வேளாண் துறையின் கார்னரும் அல்லார்டும் பகல்நீளத்தின் விளைவுகளை வெளியிட்ட பின்னரே அறிவியலாகத் தெளிவுற்றது. அதன் பயனாகக் கருந்துணியால் மூடிச் செடிக்கு முன்கூட்டியே இரவைக் காட்டிப் பூக்கவைக்கவும், இரவில் விளக்கெரித்துப் பூப்பைத் தள்ளிப்போடவும் முடிந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் கொய்மலர்ச் சாமந்தி இம்முறையில்தான் வளர்கிறது. சரத்துக்கும் மாலைக்கும் உதிரிப்பூ விளைவிக்கும் திறந்தவெளி உழவருக்கு இத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை. பறிப்பு முடிந்த தூரிலிருந்து கன்றெடுத்து, ஆனி, ஆடியில் பாரின் ஓரத்தில் நட்டு, ஒரு மாதத்தில் கொழுந்தைக் கிள்ளிக் கிளைக்கவிட்டால், ஐப்பசிக்குமேல் நீளும் இரவுகள் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.