நிலவும் சிலுவைகளும்: ஒரே நெகட்டிவில் ஒரு எச்.டி.ஆர்

எச்.டி.ஆர் என்றால் என்னன்னு கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான்: ஒரே காட்சியை மூன்று தடவை, மூன்று வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடு, வானத்தை இருட்டான படத்திலிருந்தும், நிழலை வெளிச்சமான படத்திலிருந்தும் எடுத்து ஒன்றாகச் சேர். சரி, மூன்று படம் இல்லை, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அப்போ? அதிலிருந்தும் அந்தத் தோற்றத்தைக் கொண்டுவரலாம் என்று சொன்னால், "அது போலி எச்.டி.ஆர் சார்" என்று உடனே ஒருவர் வந்துவிடுவார். இந்தப் போலி, அசல் விவகாரம் கம்ப்யூட்டருக்கு ரொம்ப முந்தினது. கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

1850-களின் கொலோடியன் நெகட்டிவுக்கு நீல ஒளி மேல் அதீத உணர்வு. கடலுக்குச் சரியாக எக்ஸ்போஸ் செய்தால் வானம் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். வானத்துக்குச் சரி செய்தால் கடல் கறுத்துவிடும். பிரான்சில் கூஸ்தாவ் லெ க்ரே இதற்கு ஒரு வழி செய்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே பிரிண்ட். 1857-இல் செத் என்ற துறைமுக ஊரில் அவர் எடுத்த பேரலைப் படம் இப்படி உருவானதுதான். ஒரே மேக நெகட்டிவை ஒன்றுக்கு மேற்பட்ட கடல் படங்களில் அவர் பயன்படுத்தியிருப்பதும் தெரிய வந்திருக்கிறது. ஆக, பல படங்களைச் சேர்க்கும் "அசல்" எச்.டி.ஆரின் தாத்தா, வானத்தையே மாற்றி வைத்தவர்!

இன்னொரு வழியின் கதை நியூ மெக்ஸிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற சின்ன கிராமத்துப் பக்கம் நடக்கிறது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் காரில் போய்க்கொண்டிருக்கிறார். கிழக்கே பனி மலைகளுக்கு மேல் நிலா எழுந்திருக்கிறது. மேற்கே இறங்கும் சூரியனின் கடைசி வெளிச்சம் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மேல் விழுகிறது. வண்டியை நிறுத்தி, 8க்கு 10 அங்குலக் கேமராவைத் தூக்கி வைத்துவிட்டார். லைட் மீட்டரைத் தேடினால் கிடைக்கவில்லை.

ஆனால் நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவில் இருந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டார்: அடர்மஞ்சள் ஃபில்டர், எஃப்/32, ஒரு விநாடி. ஒரு படம் எடுத்தாயிற்று. பாதுகாப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் என்று ஃபிலிம் ஹோல்டரைத் திருப்புவதற்குள் சிலுவைகள் மேல் இருந்த வெளிச்சம் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு நெகட்டிவ்.

இது நடந்த தேதி அவருக்கே சரியாக நினைவில்லை. நிலா நின்ற இடத்தை வைத்து வானியல் ஆட்கள் பிற்பாடு கணக்கிட்டார்கள். 1991-இல் வெளிவந்த திருத்திய கணக்குப்படி அது 1941 நவம்பர் 1, மாலை 4:49.

இப்போ கவனியுங்கள். அவர் கணக்குப் போட்டது நிலாவுக்கு. வெளிச்சம் கூடின இடம் எரிந்துபோகாமல் காப்பாற்றிவிட்டார். கீழே இருக்கும் கிராமம் எப்படி விழுமோ அப்படி விழட்டும். இன்றைக்கு டிஜிட்டலில் ஒரே ஷாட் எடுக்கிறவர்களுக்குச் சொல்லும் அறிவுரையும் அதேதான்: ஹைலைட்டைக் காப்பாற்று, நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். விளைவும் அதேதான். நெகட்டிவில் கிராமத்துப் பகுதி மெலிந்து போயிருந்தது.

அடுத்து அவர் செய்தவற்றை இன்றைய மென்பொருள் ஸ்லைடர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

முதலில் நீர்க்குளியல் முறையில் டெவலப் செய்தார். நெகட்டிவை டெவலப்பரில் கொஞ்ச நேரம், பிறகு ஆடாமல் அசையாமல் வெறும் தண்ணீரில் கொஞ்ச நேரம், இப்படி மாற்றி மாற்றி. வெளிச்சமான பகுதியில் ஊறியிருக்கும் ரசாயனம் சீக்கிரம் தீர்ந்து வேலை நின்றுவிடும். நிழல் பகுதியில் தொடர்ந்து நடக்கும். ஹைலைட்ஸ் ஸ்லைடரை இடது பக்கம் இழுக்கிறோமே, அதுதான் இது.

அது போதவில்லை. 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தால் அடர்த்தியாக்கினார். இது ஷாடோஸ் ஸ்லைடர். என்ன, அவருக்கு அன்டூ கிடையாது. கை தவறினால் நெகட்டிவே போச்சு.

மூன்றாவது, பிரிண்ட். என்லார்ஜர் வெளிச்சம் காகிதத்தில் விழும்போது சில இடங்களைக் கையாலோ அட்டையாலோ மறைத்து வெளிறச் செய்வது டாட்ஜிங். சில இடங்களுக்குக் கூடுதல் வெளிச்சம் கொடுத்துக் கறுக்க வைப்பது பர்னிங். ஆரம்பகாலப் பிரிண்ட்களில் மேல்வானத்தில் மெல்லிய மேகங்கள் தெரியும். பிற்காலத்தவற்றில் வானம் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. ஒரே நெகட்டிவிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்ட்கள் போட்டார். நெகட்டிவ் என்பது இசைக்குறிப்பு, பிரிண்ட் என்பது கச்சேரி என்பது அவர் கருத்து. பியானோக்காரராக வளர்ந்தவர், அப்படித்தானே நினைப்பார்.

டிஜிட்டலுக்கு வருவோம். 1997-இல் பால் டெபெவெக்கும் ஜிதேந்திர மாலிக்கும் பல எக்ஸ்போஷர்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். ஆனால் அவ்வளவு பெரிய வீச்சைத் திரையில் காட்ட முடியாதே? அதைச் சுருக்குவதுதான் டோன் மேப்பிங். 2002-இல் எரிக் ரைன்ஹார்டும் கூட்டாளிகளும் கொடுத்த புகழ்பெற்ற முறை, ஆடம்ஸின் ஸோன் சிஸ்டத்தையும் டாட்ஜிங், பர்னிங்கையும் நேரடியாக எடுத்துக் கணக்காக மாற்றியது. அதாவது எச்.டி.ஆர் "லுக்" என்று நாம் சொல்வது பல படங்களால் வருவதில்லை, இந்தச் சுருக்கும் வேலையால் வருகிறது. அதனால்தான் ஒரே படத்திலும் அது சாத்தியம். ஒவ்வொரு இடத்தையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு ஏற்றி இறக்கினால் போதும். அளவு மீறினால் கூரைக்கும் மரத்துக்கும் சுற்றி ஒளிவட்டம் கட்டும்; வானத்தின் சராசரியும் மரத்தின் சராசரியும் எல்லையில் கலந்துவிடுவதால் வரும் கோளாறு அது.

சிலர் ஒரு ரா கோப்பையே மைனஸ் 2, 0, பிளஸ் 2 என்று மூன்று பிரதியாக்கி எச்.டி.ஆர் மென்பொருளுக்குள் போடுவார்கள். இதில் புதிதாக எதுவும் சேர்வதில்லை. ஒரே அரிசியை மூன்று பாத்திரத்தில் போட்டு அளந்தால் அரிசி கூடுமா? 14 பிட் ராவில் 16,384 படிகள் உண்டு. அதில் பாதி, 8,192 படிகள், மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்குப் போய்விடும். அடுத்த ஸ்டாப்புக்கு 4,096, அதற்கடுத்து 2,048 என்று இறங்கிக்கொண்டே போகும். நிழலில் ஒளியும் குறைவு, படிகளும் குறைவு. அதைத் தூக்கினால் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். 8 பிட் ஜேபெக்கில் மொத்தமே 256 படிகள்தான். வெள்ளையாக எரிந்துபோன இடத்திலோ தூக்குவதற்கு எதுவுமே இருக்காது.

ஆக, போலி என்று ஒதுக்க வேண்டியதில்லை. கோடு எங்கே என்று தெரிந்தால் போதும். பதிவான ஒளியை இடம்பார்த்து ஏற்றி இறக்குவது ஆடம்ஸ் செய்தது. பதிவாகாததை வேறு எங்கிருந்தோ கொண்டுவருவது லெ க்ரே செய்தது. இரண்டுமே அழகான படங்களைத் தந்திருக்கின்றன, ஆனால் இரண்டும் வேறு வேறு.

ஓடும் குழந்தை, அலை, அணையப்போகும் சூரியன் இவற்றையெல்லாம் மூன்று தடவை ஒரே மாதிரி எடுக்க முடியாது. ஹெர்னாண்டஸில் அந்த இரண்டாவது ஷாட்டுக்கு நேரம் கிடைத்திருந்தால் ஆடம்ஸுக்கு வேலை மிச்சமாகியிருக்கலாம். கிடைக்கவில்லை. அதனால்தான் ஏழு வருடம் கழித்து, வேறு பிரதி இல்லாத அந்த ஒரே நெகட்டிவை எடுத்து ரசாயனத்தில் முக்க வேண்டி வந்தது.