லாரி சைலன்சரில் கோளாறா? புகையும் சத்தமுமே காட்டிக் கொடுத்துடும்... டிரைவர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

பௌர்ணமி கிரிவலம் என்றாலே திருவண்ணாமலையில் செங்கம் ரோடு, செஞ்சி ரோடு, வேட்டவலம் ரோடு எல்லாம் திணறிப்போகும். லோடு லாரிகள் இன்ஜின் ஓடியபடியே மணிக்கணக்கில் ஊர்ந்து போகும். அப்படி ஊர்ந்து வந்த வண்டியில் திடீரென டாஷ்போர்டில் ஆரஞ்சு விளக்கு எரியுது, பிக்கப்பும் குறையுது. என்ன காரணம்?

2020 ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்த பிஎஸ்-6 விதிக்குப் பிறகு, பெரும்பாலான லாரிகளின் சைலன்சர் லைனில் 'டிபிஎஃப்' என்ற வடிகட்டி இருக்கு. புகையில் வரும் கரியைப் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. சேர்ந்த கரி எரிந்து தீர நல்ல சூடு வேண்டும். ஹைவேயில் லோடோடு போனால் அது தானாக நடந்துடும். ஊர்ந்து போனால் சூடு ஏறாது, கரி அடைச்சுக்கும்.

அதனால் விளக்கு எரிந்ததும் பதற வேண்டாம். டிராஃபிக்கைத் தாண்டி, கிருஷ்ணகிரி - திண்டிவனம் தேசிய நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட்டிப் பாருங்க. அணையவில்லை என்றால், வண்டியை நிறுத்தி சுவிட்ச் போட்டு கரியை எரிக்கும் வசதி பல வண்டிகளில் உண்டு. அப்போது வடிகட்டிக்குள் வெப்பம் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை போகும். அறுவடை சீசனில் வைக்கோல் காயும் ரோட்டோரத்தில் இதைச் செய்யவே கூடாது! சிவப்பு விளக்கு வந்துவிட்டால் ஓட்டாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

புகை என்ன கலர்?

கரும்புகை என்றால் காற்று பத்தவில்லை, அல்லது டீசல் அதிகமாகப் போகிறது. முதலில் ஏர் ஃபில்டர், அடுத்து டர்போ ஹோஸ், கடைசியாக இன்ஜெக்டர் என்று பாருங்க. செலவு குறைந்ததில் இருந்து தொடங்குவதே லாபம். பிஎஸ்-6 வண்டியில் கரும்புகை வந்தால் வடிகட்டியே உடைந்திருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரியுது. டர்போ சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப்புகை நிற்காமல், கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்க.

'ஆட்ப்ளூ' திரவத்தில் யூரியா 32.5 சதவீதம், மீதி சுத்திகரித்த தண்ணீர். காசு மிச்சம் என்று குழாய்த் தண்ணி கலந்தாலோ, உர யூரியாவைக் கரைத்து ஊற்றினாலோ சிஸ்டமே பாழாகும், இன்ஜின் பவரும் குறைக்கப்படும்.

கேபினில் புகை வாசனையா?

இதை மட்டும் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடாதீங்க. ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது 'புஸ் புஸ்' சத்தம், மேனிஃபோல்ட் ஜாயின்ட்டைச் சுற்றிக் கரி படிந்த கறை இருந்தால் அங்கேதான் லீக். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே கை வைங்க. டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனாலும் அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. லீக் உள்ள வண்டியில் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கினால் உயிருக்கே ஆபத்து. தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு வெளியே வந்து 108-க்கு அழையுங்க.